குடலுக்குள்ளே ஒரு ஸ்பிரிங்!

செருப்பை வாசலிலேயே விடுங்க. முடியை இந்த நீலத் தொப்பிக்குள் முழுக்கச் செருகுங்க. கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கு அறுவைக் கூடத்துக்குள் வந்துவிட்டோம்! மேசையில் மயக்கத்தில் ஒரு குட்டிப் பன்றி. அதற்குக் குளிருமே என்று வெதுவெதுப்பான போர்வையை இழுத்துவிடுகிறார் உதவியாளர், பிள்ளைக்குப் போர்த்துவது மாதிரி.

பக்கத்து அறை ஒரே அலங்கோலம். பாதி குடித்த காபி, அறுந்த நூல்கள், மாத்திரை டப்பாக்கள். ஒரு டப்பாவைத் திறந்தால்... ஸ்பிரிங்! பேனாவுக்குள் இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் தடி. நிட்டினால் என்ற உலோகம். அமுக்கினேன், விரலை மெல்லத் தள்ளியது. அந்த மெல்லிய தள்ளலுக்குத்தான் இத்தனை பேரும் இங்கே வியர்க்கிறார்கள்.

நிறைமாதக் குழந்தையின் சிறுகுடல் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். குறைமாதத்தில் பிறந்த சிலருக்குக் குடல் அழுகி, பெரும்பகுதியை வெட்டி எடுக்க நேர்கிறது. அப்புறம் ரத்தக்குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அது உயிரைக் காக்கும். நாளாக ஆகக் கல்லீரலைக் கெடுக்கும். மிச்சக் குடலை நீட்ட முடிந்தால்?

1980-ல் மான்செஸ்டரில் ஏட்ரியன் பியாஞ்சி, வீங்கிப்போன குடலை நெடுக்காக இரண்டு குழாயாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தைக்கும் வழியை வெளியிட்டார். 2003-ல் போஸ்டனிலிருந்து இன்னொரு வழி வந்தது. அதைக் காட்டுகிறேன் என்று இளம் மருத்துவர் ஒருவர் காகிதப் பட்டையை எடுத்தார். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு. இழுத்தார், நீண்டது. அட, நம்ம ஊர்க் கொடியேற்றத்துக்குக் கட்டும் காகிதத் தோரணம்! சொன்னதும் அவருக்கு ஒரே குஷி. நாலு தோரணம் வெட்டி விளக்கில் மாட்டிவிட்டார். ஆனால் இரண்டு வழிக்குமே குடல் முதலில் வீங்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு அந்த நிபந்தனை இல்லை. ஜேம்ஸ் டன் என்ற குழந்தை அறுவை நிபுணரின் குழு, முதலில் யுசிஎல்ஏ-விலும் பிறகு ஸ்டான்ஃபோர்டிலும், பல வருஷமாக இதன் பின்னால் அலைகிறது.

உள்ளே அழைக்கிறார்கள், வாங்க. சுருக்கிக் கட்டிய ஸ்பிரிங் குடலுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. அது நகராமலிருக்க இரு முனையிலும் குடலைக் கொஞ்சம் இறுக்கித் தையல். நூல் ஒருமுறை நழுவியது. மருத்துவரின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் நெற்றி வியர்வையை ஒற்றினார். இரண்டாம் முடிச்சு நின்றது. அதுவரை நானும் மூச்சு விடவில்லை.

அடுத்த மேசைதான் இன்றைய விருந்து. மூன்று வாரத்துக்கு முன் வேறொரு பன்றிக்கு ஸ்பிரிங் வைத்த குடல் துண்டு, ஈரத்துணியில். அன்று அடையாளத்துக்குப் போட்ட இரண்டு கறுப்புத் தையல்களுக்கு நடுவே ஸ்கேலை வைக்கிறார்கள். ஐந்து தலைகள் முட்டிக்கொள்கின்றன. இரு மடங்கைத் தாண்டிவிட்டது! ரப்பர் மாதிரி இழுபட்டு மெலிந்ததில்லை; மெல்ல இழுத்ததும் செல்கள் பெருகிப் புதிதாக வளர்ந்த குடல். தொட்டுப் பார்த்தேன். திண்ணென்று, ஈரமாக இருந்தது.

திரும்பினால் நம்ம குட்டிப் பன்றி விழித்துக்கொண்டிருக்கிறது. உதவியாளர் காதைச் சொறிந்துவிட, ஒரு சின்ன உறுமல்.