கோழி வந்த வழி – 17: வழிந்தால் நல்ல சேதி

ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் 1926-ல் தலைகாட்டிய கோழிச் சீக்கு, அடுத்த ஓரிரு வருடத்தில் குமாவுன் மலையிலிருக்கும் ராணிகேட்டுக்கு வந்து, அந்த ஊர்ப் பெயரையே நம் நாட்டில் சூட்டிக்கொண்ட கதையைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் தடுப்பூசி என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் சின்னதாக ஒரு விஷயம்.

கிராமத்தில் இந்தச் சீக்கை, அதாவது வெள்ளைக்கழிச்சலை, கண்டுபிடிக்க யாரும் ஆய்வகத்துக்குப் போவதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தப்பிப் பிழைத்தது கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமடிக்கும். ஊசி போடாத கூட்டமென்றால் நூற்றுக்கு நூறும் போகலாம். பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிக்கல் பெரிய பண்ணைகளில்தான். ஊசி போட்ட முட்டைக்கோழிக்கு ஆர்.டி. (ராணிகேட் நோய்) வந்தால் கழிச்சல்கூட இருக்காது. முட்டை குறையும், ஓடு தோல்போல மெலியும், அவ்வளவுதான். அதே முட்டைக் குறைவுக்கு வேறு நாலு வைரஸும் காரணமாக இருக்கலாம். திடீரென்று கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தால் பறவைக் காய்ச்சலா என்ற பயம் வேறு. கண்ணை நம்ப முடியாது.

அப்போது எதை நம்புவது? கோழி ரத்தத்தை. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

1941-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் மனிதர்களின் இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிமுட்டைக் கருவில் வளர்த்துக்கொண்டிருந்தார். கருவை ஒட்டிய நீர்ப்பையிலிருந்து நீரை எடுக்கும்போது ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து, கோழிக்கருவின் ரத்தம் அதில் கலந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் கொட்டிவிட்டு அடுத்த முட்டையை எடுத்திருப்பார். ஹர்ஸ்ட் கவனித்தார்: சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தன. ஒட்டவைத்தது வைரஸ். அடுத்த வருடமே மெல்போர்னில் மக்ஃபர்லேன் பர்னெட், ராணிகேட் சீக்கை உண்டாக்கும் நியூகாசில் வைரஸும் இதே வேலையைச் செய்கிறது என்று காட்டினார். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மட்டுமே அகப்படுகிற ஒன்று, இருக்கிறதா இல்லையா என்பதை வெறுங்கண்ணால் பார்க்க வழி பிறந்தது.

இன்றைக்கும் ஆய்வகத்தில் அதேதான் நடக்கிறது. செத்த கோழியின் மூச்சுக்குழாய், மண்ணீரல், மூளை ஆகியவற்றிலிருந்து எடுத்ததை 9 முதல் 11 நாள் வயதுள்ள அடைமுட்டைக்குள் செலுத்துகிறார்கள். சில நாள் கழித்து முட்டையைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உடைப்பார்கள். ஏன் தெரியுமா? ரத்தம் நீரில் கலக்காமலிருக்க! ஹர்ஸ்டுக்கு வழிகாட்டிய அந்த அசம்பாவிதம் இன்று யாருக்கும் நேர்ந்துவிடக் கூடாதாம்.

பிறகு 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. உள்ளங்கையளவுப் பணியாரக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை நீரைக் குழிக்குக் குழி பாதி பாதியாக நீர்க்கவைத்து, கழுவிய கோழிச் சிவப்பணுக்களை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கரைத்து ஊற்றி, 40 நிமிடம் தொடாமல் விடவேண்டும். வைரஸ் இல்லாத குழியில் அணுக்கள் அடியில் இறங்கி, திருத்தமான சிவப்புப் பொட்டாக உட்காரும். வைரஸ் இருந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குழி முழுக்க மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். சந்தேகமிருந்தால் தட்டைச் சாய்க்கவேண்டும். பொட்டு மட்டும் மெதுவாக ஒரு கோடாக வழிந்து இறங்கும்; படலம் அசையாது.

ஊசி பிடித்ததா என்று பார்ப்பதற்கும் இதே தட்டுதான். இம்முறை கோழியின் சீரத்தை நீர்க்கவைத்து, அளந்த வைரஸைச் சேர்த்து, கடைசியில் சிவப்பணு. சீரத்தில் எதிர்ப்புப்பொருள் இருந்தால் வைரஸைக் கட்டிப்போட்டுவிடும், பொட்டு வழியும். ஆக இரண்டு சோதனையிலும் வழிந்தால் நல்ல சேதி. எத்தனையாவது குழிவரை வழிகிறதோ அதுதான் பண்ணைக்காரர்கள் சொல்லும் டைட்டர்.

நாமக்கல் பக்கம் ஓர் ஆய்வகத்தில் ரிசல்ட்டுக்குக் காத்திருந்த பண்ணைக்காரர் கேட்டார்: “ஏனுங்க மேடம், ஊசி புடிச்சிருக்குதுங்களா?”

“பழைய ஷெட்டு ஏழாவது குழி வரைக்கும் எறங்குதுங்க. புதுசுதான் மூணோட நின்னு போச்சு.”

“ரெண்டுக்கும் ஒரே லசோட்டாதானுங்க. தண்ணியிலதான் கலந்து உட்டோம்.”

“புது ஷெட்டுல குளோரின் போட்ட தண்ணிங்களா?”

அவர் பதில் சொல்லவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். லசோட்டா என்ற தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ்; குளோரின் அதைத் தொண்டைக்குப் போகுமுன்னே கொன்றுவிடும். ஊசிக்குக் காசு கொடுத்தாயிற்று, பதிவேட்டில் தேதியும் எழுதியாயிற்று, கோழிக்குள் மட்டும் ஒன்றும் போகவில்லை. தட்டைச் சாய்த்துப் பார்க்காதவரை இது யாருக்குத் தெரியும்?

இந்தத் தட்டுக்கும் எல்லை உண்டு. பறவைக் காய்ச்சல் வைரஸும் சிவப்பணுவை ஒட்டவைக்கும். எது எது என்று பிரிக்க அந்தந்த நோய்க்கான சீரமோ பி.சி.ஆரோ வேண்டும். டைட்டர் திடீரென்று எகிறினால் அது ஊசியின் வேலையா, உள்ளே வந்துபோன ஆர்.டி.யின் வேலையா என்றும் குழி சொல்லாது. ஊசி போட்ட கோழி நோய்வாய்ப்படாமலே வைரஸைக் கழித்துக்கொண்டும் இருக்கலாம்.

பர்னெட் பற்றி இன்னொன்று. 1943-ல் அவர் எழுதிய குறிப்பில், ஆய்வகப் பணியாளர் ஒருவரின் கண்ணில் இந்த வைரஸ் பட்டுச் சிவந்து வீங்கிய கதை வருகிறது. மனிதர்களுக்கு ஆர்.டி. பெரும்பாலும் இப்படிக் கண்ணோடு போய்விடும். குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு விடுகிறவர்கள் அதே கையால் கண்ணைக் கசக்க வேண்டாம்.

தடுப்பூசிக்கு இடமில்லாமல் போயிற்று. லசோட்டா என்பது நியூஜெர்சியில் கோழி வளர்த்த ஒரு விவசாயியின் குடும்பப் பெயர். அவர் பண்ணை வைரஸ் நம் குஞ்சுகளின் கண்ணுக்கு வந்த கதை அடுத்த வாரம். அதற்குள் பிப்ரவரித் தடுப்பூசி முகாம் வந்துவிட்டால் எனக்காகக் காத்திருக்காதீர்கள். எட்டு வாரம் தாண்டிய நாட்டுக்கோழிகளைக் காலையில் திறந்துவிடுமுன்னே பிடித்து இறக்கைக்கடியில் ஊசி போட்டுவிடுங்கள். திறந்துவிட்டபின் எந்தக் கோழி கைக்கு அகப்படும்?