பிஸ்டனுக்குக் காஸ்டிக் சோடா ஆகாது

டீசல் பம்பு செட் என்ஜினை வீட்டிலேயே பிரித்து ரிங் மாற்றும் விவசாயிகள், பிசுக்கேறிய சாமான்கள் எல்லாவற்றையும் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப் போடுவதுண்டு. இரும்புச் சாமான்களுக்கு இது சரி. பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. காஸ்டிக் சோடா அதை அரித்துவிடும். நுரைத்து எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியது. சலவைச் சோடாவும் ஆகாது. அரிப்புக் கண்ட பிஸ்டன் லைனரில் தளர்ந்துவிடும். பிறகு புதிதுதான் வாங்க வேண்டும்.

பிஸ்டனை டீசலில் ஓர் இரவு ஊறவைத்து, நார் பிரஷ்ஷால் தேய்க்கவும். ரிங் காடியில் உள்ள கரியை மூங்கில் குச்சியால் சுரண்டவும். உடைந்த பழைய ரிங்கால் சுரண்டுவது மெக்கானிக்குகளின் வழக்கம்; கை பழகாதவர்கள் காடியில் கீறலை உண்டாக்கிவிடுவார்கள். எமரித் தாள் கூடவே கூடாது. பின்பு சோப்பு நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, என்ஜின் ஆயில் பூசி வைக்கவும். வேலை நடக்கும் இடத்தில் பீடி, விளக்கு வேண்டாம்.