தபால்வழிச் சதுரங்கம்

இருவர் எதிரெதிரே அமர்ந்து சதுரங்கம் ஆடும்போது கைதேர்ந்தவரே பெரும்பாலும் வெல்வர். ஆடுவோர் வெவ்வேறு நகரங்களில் இருந்து, ஒவ்வொரு நகர்த்தலையும் கடிதத்தில் எழுதி அனுப்பும்போதோ இந்நிலை மாறக்கூடும். இதற்குப் பழைய போட்டியொன்று சான்றாகும்.

1824ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஸ்கொத்லாந்தின் எடின்பரோ சதுரங்கக் கழகமும் இலண்டன் கழகமும் தபால் மூலம் ஆடத் தொடங்கின. எடின்பரோக் கழகம் தோன்றி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இலண்டன் கழகமோ 1807இல் தோன்றியது. சதுரங்க நூல்கள் இயற்றிய வில்லியம் லூவிஸ், தாக்குதலில் வல்ல ஜோன் கொக்ரேன் முதலியோர் அதன் பக்கம் நின்றனர். புகழை வைத்து நோக்கின் இலண்டனே வலிய கட்சி.

குதிரைகள் இழுத்த தபால் வண்டிகள் ஓடிய காலம் அது. ஏறத்தாழ 400 மைல் கடந்து கடிதம் சென்று, மறுமொழி வந்து சேரப் பல நாட்கள் ஆயின. அந்நாட்களே எளியவருக்குத் துணை. அவர் காய்களைப் பலகையில் நகர்த்திப் பார்க்கலாம்; பிழை கண்டால் மீட்டு வைக்கலாம்; தோழருடன் ஆராயலாம். விரைந்து காணும் வல்லமைக்கு அங்கே முன்னைய பயன் இல்லை. ஆயினும் கடிதம் புறப்பட்டபின் மீட்பு இல்லை. ஓர் ஆட்டத்தில், அனுப்பிய நகர்த்தலை மாற்ற இலண்டன் விரும்பியது, எடின்பரோ இணங்கவில்லை.

வலியவரிடமிருந்து கற்கவும் அவகாசம் இருந்தது. கொக்ரேனின் யோசனைப்படி, ஓர் ஆட்டத்தின் மூன்றாம் நகர்த்தலில் இலண்டன் அணியினர் அரசியின் முன்நின்ற காலாளை இரண்டு கட்டம் செலுத்தினர். அதன் சிறப்பை உணர்ந்த எடின்பரோவினர், பின்னர் தாமும் அதனையே கையாண்டனர். இன்று அத்தொடக்கம் ‘ஸ்கொத்லாந்து ஆட்டம்’ எனப்படுகின்றது. பெயர் கற்பித்தவருக்கன்றிக் கற்றவருக்கே வாய்த்தது.

1828ஆம் ஆண்டு ஜூலையில் போட்டி முடிந்தது. ஐந்து ஆட்டங்களில் எடின்பரோ இரண்டையும் இலண்டன் ஒன்றையும் வென்றன. இரண்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தன.

1951இல் நிறுவப்பட்ட அனைத்துலகத் தபால்வழிச் சதுரங்கச் சம்மேளனத்தின் போட்டிகளில் இன்று கணினியின் உதவியும் அனுமதிக்கப்படுகின்றது. உயர்நிலை ஆட்டங்கள் பெரும்பாலும் சமநிலையில் முடிகின்றன. எடின்பரோவினர் தாமே ஆராய்ந்து பெற்ற சமத்துவத்தை இன்று பொறி எளிதில் தருகின்றது. ஆராயும்போது பெற்ற கல்வியைத் தருவது அதற்கு எளிதன்று.