தற்காப்பு ஆட்டக்காரர் நீதிபதியானார்: ஆலன் பேஜ்

'விளையாட்டும் படிப்பும்' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால், 'இரண்டும் இரு கண்கள்' என்று எழுதிவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பல மாணவர்கள் நிற்கிறார்கள். கருத்து சரிதான், சான்றுதான் இல்லை. அதற்குப் பொருத்தமான ஒருவரைப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கக் காற்பந்து நம்ம ஊர்க் காற்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், எறியலாம். பந்து வைத்திருக்கும் அணியை முன்னேற விடாமல் மறிப்பதுதான் தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை. பேரும் புகழும் பெரும்பாலும் பந்தை எறிபவருக்கே போகும்.

ஆலன் பேஜ் 1945-இல் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்தார். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் வழங்கும் ஆண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

இங்கேதான் கவனிக்கணும். ஆடிக்கொண்டிருக்கும்போதே, 1975-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத் தொடங்கினார். 1977 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் இறங்கியபோதும் அவர் சட்ட மாணவர்தான். அவருடைய அணி நான்கு முறை அந்த இறுதியாட்டத்துக்குப் போய் நான்கிலும் தோற்றது. 1978-இல் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை அணியிலிருந்து விடுவித்தது. அப்போது வயது 33. வேறொருவராக இருந்தால், 'இனி என்ன செய்வது?' என்று கலங்கியிருப்பார். இவர் கையில் சட்டப் பட்டம் இருந்தது! சிகாகோ பேர்ஸ் அணியில் 1981 வரை ஆடிக்கொண்டே வழக்கறிஞர் தொழிலிலும் இறங்கினார்.

1988-இல், தான் பிறந்த கேன்டனிலேயே உள்ள காற்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பள்ளி நாள்களில் அதே கட்டடத்தின் கட்டுமானத்தில் வேலை செய்தவர் அவர். அந்த விழாவில் தம்மை அறிமுகப்படுத்தப் பயிற்றுநரை அழைக்கவில்லை, ஒரு பள்ளி முதல்வரை அழைத்தார். தம் உரையிலும் கல்வியைப் பற்றியே பேசினார். அதே ஆண்டு அவர் தொடங்கிய அறக்கட்டளையில் உதவித்தொகை பெறும் மாணவர்கள், பதிலுக்குச் சிறுவர்களுக்குப் பாடத்தில் உதவ வேண்டும்.

1992-இல் மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நீதிமன்றத்தின் முதல் ஆப்பிரிக்க அமெரிக்க நீதிபதி இவரே. 2015-இல், ஓய்வு வயதான 70-ஐ எட்டும்வரை பணியாற்றினார்.

கட்டுரையில் இத்தனை ஆண்டுகளையும் அடுக்க வேண்டாம். 1971, 1975, 1978, 1992 ஆகிய நான்கு போதும். விளையாட்டு கைவிட்ட பிறகு அவர் படிப்பைத் தேடவில்லை, உச்சத்தில் இருந்தபோதே தேடினார். இந்த ஒரு கருத்தை அந்த நான்கு ஆண்டுகளோடு இணைத்து எழுதுங்கள். 'இரு கண்கள்' என்ற வரிக்குச் சான்று கிடைத்துவிடும்.