எம்.எட். முடித்தால் அதிபராகலாமா?

அண்மையில் கல்முனை வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருந்தபோது இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், எம்.எட். முடிச்சா அதிபராகலாந்தானே?" மனைவியின் நகையை அடகு வைத்து, ஒரு தனியார் நிறுவனத்துக்கு முற்பணமும் கட்டியிருந்தார். நானும் ஒருகாலத்தில் இதே அவசரத்தில் இருந்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம் தெளிவாக வேண்டும். முதுமாணிப் பட்டம் ஒரு தகைமை, அது பதவியல்ல. இலங்கை அதிபர் சேவையின் 3ஆம் தரத்துக்கு ஆசிரியர்கள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை மூலம் சேர்க்கப்படுகிறார்கள். அதன்பின் நேர்முகப் பரீட்சை உண்டு. கல்விப் பணிப்பாளர்களாக வருவோர் இலங்கைக் கல்வி நிர்வாக சேவையினர். அது வேறு சேவை. அதற்குப் பட்டதாரிகளுக்கான திறந்த போட்டிப் பரீட்சையும், சேவையில் உள்ளோருக்கான மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சையும் உள்ளன. திறந்த பரீட்சைக்கு வயதெல்லை இருக்கிறது. எனவே முதலில் வர்த்தமானியையும் சேவைப் பிரமாணக் குறிப்பையும் வாசியுங்கள். கேட்கப்படும் தகைமை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முன் பூர்த்தியாகியிருக்க வேண்டும்.

அடுத்தது படி வரிசை. என்னைப் போல் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்தவருக்கு முதலில் தேவைப்படுவது பட்டம். கல்விமாணி அதற்குப் பொருத்தமானது. வேறு துறையில் பட்டம் பெற்ற ஆசிரியருக்கு அடுத்த படி பட்டப்பின் கல்வி டிப்ளோமா. அதன் பிறகே எம்.எட். மஹரகம தேசிய கல்வி நிறுவகம், கொழும்புப் பல்கலைக்கழகம், நாவல திறந்த பல்கலைக்கழகம் ஆகியவை இக்கற்கைகளை நடத்துகின்றன.

மூன்றாவது, மட்டம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறி மூலமான முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இது எத்தனையாம் மட்டம்? பட்டம் வழங்கும் நிறுவனத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? பதில் எழுத்தில் வராவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் இந்தப் படிப்பு வெறும் கடதாசியா? இல்லை. எனது ஆய்வுக்காகத் தரம் 9 வரவுப் பதிவேடுகளை நாள்நாளாகப் பார்த்தேன். ஆண் பிள்ளைகள் சிலர் ஒரே நாட்களில் வராமலிருந்தார்கள். விசாரித்தால், அவை கரைவலையில் மீன்பாடு நன்றாக இருந்த நாட்கள். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று ஏசியவன் நான். பிறகு பெற்றோரைக் கடற்கரையிலேயே சந்தித்துப் பேசினோம். எல்லோரும் திரும்பவில்லை, சிலர் திரும்பினார்கள்.

பரீட்சை நம்மை அதிபர் கதிரையில் அமர்த்தலாம். ஆனால் அங்கிருந்து பார்க்கும்போது வராத பிள்ளை கண்ணில் பட வேண்டும். அந்தப் பார்வைக்காகவும் படியுங்கள். ஆனால் வர்த்தமானியைப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.