உடலும் மனமும் – 9: ஐந்நூறு மரத்துச் சோறு

இனிப்பு நீர் இல்லாத வீடு நம் வட்டாரத்தில் உண்டா என்று தேட வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு. சென்ற வாரம் தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் நடையையும் சோற்றையும் துணையையும் சேர்த்துப் பார்ப்போம். கோல சிலாங்கூர் தோட்டப்புறத்தில் இவை மூன்றும் ஒரே வாழ்க்கையாக இருந்தவை.

பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனார்கள். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் இருட்டோடு வேலை தொடங்கியாக வேண்டும். ஒருவர் பங்குக்கு ஏறத்தாழ ஐந்நூறு மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, குனிந்து, கோடு இழுத்து, அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். பிறகு மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்ற இன்னொரு சுற்று. அதன்பின் ஸ்டோருக்குச் சுமை. அந்த உடம்புக்குத் தட்டு நிறையச் சோறும் டப்பாப்பால் போட்ட தேநீரும் தேவைப்பட்டன.

அந்த வாழ்க்கையை நான் போற்றிப் பாடவில்லை. மலேரியாவும் கள்ளுக்கடையும் கூலிக் குறைவும் எத்தனையோ உயிர்களை அரித்தன. பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்த பெண்களின் தோலும் நகமும் கெட்டன. அந்த மருந்துக்கு நம் நாட்டில் முழுத் தடை வந்ததே 2020 ஜனவரியில்தான். ஆனாலும் நடையையும் நேரத்துக்கு உறங்குவதையும் அந்த வேலை நம்மைக் கேட்காமலே உடம்பில் ஏற்றி வைத்திருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமாரம் தோட்டத்தில்தான், 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியது. தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ரப்பர் நின்ற இடங்களிலெல்லாம் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. நம்மவர்கள் தோட்டத்து லயங்களை விட்டு ஈஜோக், புக்கிட் ரோத்தான், ரவாங் பக்கத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபோனார்கள். தொழிற்சாலை, பாதுகாவலர் வேலை, லாரி ஓட்டுதல் என்று நாளெல்லாம் நிற்கிற அல்லது உட்கார்கிற பிழைப்பாயிற்று. ஐந்நூறு மரத்து நடை போய்விட்டது. ஐந்நூறு மரத்துச் சோறு மட்டும் தட்டிலேயே தங்கிவிட்டது. நம் வீடுகளில் இனிப்பு நீர் பெருகியதற்கு இது பெரிய காரணம். பரம்பரையும் உண்டு. தெற்காசிய உடல்வாகில், எடை அதிகமில்லாதபோதே வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் எட்டினாலே எச்சரிக்கை என்கிறார்கள் மருத்துவர்கள்.

பிள்ளைகளுக்கு

ஐந்து வயது முதல் பதினேழு வரை, நாளுக்கு ஒரு மணி நேரமாவது உடல் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தோட்டத்துத் திடல் இருந்த காலத்தில் இதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இன்று பெற்றோர்தான் நேரம் ஒதுக்க வேண்டும். கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பந்தை எடுத்துக்கொண்டு நாமும் கூடப் போக வேண்டும்.

உழைக்கும் வயதில்

வாரத்துக்கு 150 நிமிட விரைவு நடை போதும். நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடப்பது இன்னும் நல்லது. அசையும் தசை, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். டப்பாப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். கடையில் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்டுப் பழகுங்கள். சில வாரங்களில் நாக்கு ஒத்துக்கொள்ளும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று சொல்வது இதைத்தான்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

நோய் வந்தபின் கிளினிக்குக்குப் போவதே நம் வழக்கம். அதை மாற்றத்தான் வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பதும் அதற்கு மேலும் வயதுள்ளவர்களுக்கு, 2019இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை கிடைக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்குத் தகுதி உண்டு என்று அருகிலுள்ள கிளினிக்கில் விசாரியுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிட்டுப் படுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. கால் இழந்த பலருக்குத் தொடக்கம் ஒரு சின்னப் புண்தான்.

முதியவர்களுக்கு

"இந்த வயசுல என்ன நடை?" என்று கேட்கும் பாட்டிமாருக்குத்தான் நடை அதிகம் தேவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்தாலே தொடைக்கு வலு வரும். விழும் ஆபத்து குறையும். தடுமாற்றம் உள்ளவர்கள் சுவரோரமாக, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யட்டும்.

மனதுக்கு

பெரட்டில் ஒருவர் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று பக்கத்து லயத்துக்காரர் கேட்பார். தாமானில், கதவடைத்த வீட்டுக்குள் ஒரு பெரியவர் பத்து நாள் பேசாமல் இருந்தாலும் கேட்க ஆளில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மனச்சோர்வுள்ளோர் 4.6 விழுக்காடு, 2019இல் இருந்ததைப் போல் இரு மடங்கு. இதற்கு மருந்து உண்டு, ஆலோசனையும் உண்டு. சுகாதார அமைச்சின் உதவித் தொலைபேசி எண் 15555. அதற்கும் முன்னே நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தெருவில் நாலு பேர் சேர்ந்து, தினமும் ஒரே நேரத்தில் நடக்கலாம். புக்கிட் மெலாவாத்தி சாலையோ கோயில் வீதியோ, எதுவானாலும் சரி. ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். சம்சு சாராயக் குப்பியில் துணை தேடும் தம்பியையும் "வா, நடக்கலாம்" என்று கூட்டிப் போங்கள். அவரைத் திட்டியது போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் எதுவும் நிலைக்காது. இந்த வாரம் ஒன்றே ஒன்று: இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிட நடை. தனியாக வேண்டாம், வீட்டில் ஒருவரோடு. அந்தப் பத்து நிமிடத்தில் அவரிடம் இன்றைய பொழுது எப்படிப் போனது என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்டு முடியுங்கள்.

(அடுத்த வாரம்: இரவு ஷிப்ட் வேலை செய்பவர்கள் எப்போது சாப்பிடுவது, எப்போது உறங்குவது?)