கணினியின் நினைவகத்தை இனங்காணல்

சென்ற ஆண்டு எங்கள் மேசைக் கணினி ஆமைபோல் நகரத் தொடங்கிற்று. நினைவகத்தைக் கூட்டினால் விரைவு பெறும் என்றெண்ணி, ஈப்போவிற்குச் சென்று 8 ஜிகாபைட் தகடு ஒன்றை வாங்கி வந்தோம். அது குழிக்குள் இறங்க மறுத்தது. மேலும் அழுத்தியிருந்தால் குழியே உடைந்திருக்கும். நல்ல வேளையாகக் கையை எடுத்துவிட்டோம். குற்றம் கடைக்காரருடையதன்று. எவ்வகை வேண்டுமென்று அவர் வினவியபோது, விடையறியாது விழித்தவர்கள் நாங்களே. பின்னர்க் கற்றதை இங்குக் கூறுகின்றோம்.

ரேம் என வழங்கும் நினைவகம் சிலேட்டுப் பலகை போன்றது. கணினி அதில் எழுதி வேலை செய்யும். மின்சாரம் நின்றதும் எழுதியவை யாவும் அழிந்துவிடும். நிலைத்திருக்க வேண்டியவை வன்தட்டு என்னும் ஏட்டில் பதியும். பலகை சிறிதாயின் அடிக்கடி ஏட்டைப் புரட்ட நேரிடும். கணினி தளர்வது அதனாலேயே.

தகடுகளில் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.3 வகை 2007ஆம் ஆண்டிலும், டி.டி.ஆர்.4 வகை 2014ஆம் ஆண்டிலும் வந்தன. டி.டி.ஆர்.5 வகைக்குரிய தரவரையறை 2020இல் வெளியாயிற்று. எல்லாம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமே. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. கீழ்விளிம்பிலுள்ள பொன்னிறப் பற்களை எண்ணியும் முழுப்பயன் இல்லை. இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு 240. நான்காம், ஐந்தாம் தலைமுறைகளுக்கு 288.

வேறுபாட்டைக் காட்டுவது பற்களுக்கிடையே உள்ள சிறு வெட்டு. தலைமுறைதோறும் அதன் இடம் மாறும். டி.டி.ஆர்.3 தகட்டைவிட டி.டி.ஆர்.4 தகட்டில் அது நடுப்பகுதிக்கு நெருங்கி நிற்கும். முன்னதன் விளிம்பு நேரானது. பின்னதன் விளிம்பு நடுவில் சற்றே புடைத்திருக்கும். தாய்ப்பலகையின் குழியில் அவ்வெட்டுக்கேற்ற மேடு உண்டு. முன்னது 1.5 வோல்ட்டிலும் பின்னது 1.2 வோல்ட்டிலும் இயங்குவதால், ஒன்றன் இடத்தில் மற்றொன்று நுழையாதவாறு செய்த காவல் அது. எங்களைத் தடுத்ததும் அதுவே!

தகட்டின் மேல் ஒட்டிய சீட்டையும் படித்தல் வேண்டும். பி.சி.3-12800 என்றிருந்தால், 3 என்பது தலைமுறை. 12800ஐ 8ஆல் வகுத்துப் பாருங்கள், 1600 கிடைக்கும். அதுவே வேக எண். பி.சி.4-25600 எனில் வேகம் என்ன? நீங்களே கணக்கிடுங்கள்.

பெட்டியைத் திறவாமலும் ஓரளவு அறியலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்தி, செயல்திறன் பகுதியில் நினைவகத்தைத் தேர்ந்தால் வேகம் தெரியும். எனினும் 2133 என்னும் வேகம் மூன்றாம் தலைமுறையிலும் உண்டு, நான்காம் தலைமுறையிலும் உண்டு. ஆகவே வேகத்தை மட்டும் நம்பிக் கடைக்குச் செல்லலாகாது.

பெட்டியைத் திறப்பதாயின் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே தகட்டைத் தொடுக. நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடும். தகட்டில் கருங்கட்டைகளாகத் தோன்றுபவை அச்சில்லுகளே. பலவகைச் சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் யூனிசெம் ஆலை, நம் சிம்பாங் பூலாய் வட்டாரத்துப் பூலாய் ஜெயா தொழிற்பேட்டையில்தான் உள்ளது என்பதை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்?

எங்கள் கணினியின் பழைய தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். சீட்டில் பி.சி.3-12800 என்றிருந்தது; வாங்கி வந்ததோ பி.சி.4. மறுநாள் பழைய தகட்டையே கையோடு கொண்டுசென்று காட்டினோம். கடைக்காரர் புன்னகையுடன் மாற்றித் தந்தார்.